நாலரைப் படகு

மண்கும்பானில் வீடியோ கேம் போட்டி வைக்கிறார்கள் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்பாதான். அவர் குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் படகுக்குக் காத்து நிற்கும்போது பேசுகிற எல்லாக் கதையும் அவர் காதில் விழும். அன்று மத்தியானம் சாப்பிட வந்தபோது சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கால்பந்து கேம், ஒருவருக்கு எதிராக ஒருவர், தோற்றால் வெளியே. வெல்பவருக்கு ஒரு கோப்பை. அதைவிடப் பெரிய விசயம், யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகும் போட்டிக்குத் தீவுப்பகுதியிலிருந்து அவரைத்தான் அனுப்புவார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இறுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையிலேயே கேம் பெட்டி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கனடாவில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, அனுப்பியது. ஒழுங்கைப் பெடியன்கள் எல்லாரும் என்னிடம் தோற்றவர்கள். என்னைத் தோற்கடித்தவனை அடுத்த நாள் நான் விளையாடக் கூப்பிடுவதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பெரிய விளையாட்டுக்காரன் என்றே நம்பினேன். வீட்டிலும் அப்படித்தான் நம்பினார்கள்.

போட்டிக்கு அவரவர் தாங்கள் கையில் பிடித்து விளையாடுகிற ஜொய்ஸ்ரிக்கைக் கொண்டுவரலாம் என்று நோட்டீசில் போட்டிருந்தது. மாமா கடைசியாக அனுப்பிய புது ஜொய்ஸ்ரிக்கை அம்மா ஒரு துவாயில் சுற்றிப் பள்ளிக்கூடப் பையில் வைத்துத் தந்தார். போட்டி நடத்திய விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் அண்ணை அப்பாவுக்குத் தெரிந்தவர். அவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, காலை பஸ்ஸில் அப்பா என்னைத் தனியாக ஏற்றிவிட்டார்.

போட்டியாளர்கள் பதினாறு பேர் வந்திருந்தோம். பதினைந்து பெடியன்கள், ஒரு பெண். அவளுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போவதுபோல இரட்டைப் பின்னல் பின்னியிருந்தாள். நெடுந்தீவிலிருந்து விடியற்காலைப் படகில் தகப்பனோடு வந்திருந்தாள். தகப்பன் கடற்தொழில் செய்பவர். பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, திரையில் ஓடுகிறவர்களில் தன் மகள் யார் என்று பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். பதினொரு பேரும் அவள்தான் என்று யாரோ விளக்கினார்கள். அவர் அதை நம்பவில்லை.

அவளுடைய அண்ணன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது ஒரு கேம் பெட்டி கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனவராம். இதை நான் அவளிடம் கேட்டு அறியவில்லை, தகப்பன் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது காதில் விழுந்தது. அவளோடு பேச எனக்குக் கூச்சம். மனதுக்குள் நெடுந்தீவு அக்கா என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி தொடங்கவில்லை. கரண்ட் நின்றுவிட்டது. செயலாளர் அண்ணை போட்டி நடக்கிற மண்டபத்துக்கும் ரோட்டுக்குமாக நடந்து யார் யாருக்கோ போன் எடுத்தார். நாங்கள் கடற்கரைக்குப் போய் மணலில் பந்தடித்தோம். கரண்ட் வரும்போது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

நான் முதல் மூன்று ஆட்டங்களையும் எப்படியோ வென்றேன். ஒன்றில் எதிராளி தன் பக்கக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தான். பிறகு நெடுந்தீவு அக்காவின் அரையிறுதியைப் பார்த்தேன். அவள் அவசரப்படவே இல்லை. எதிராளியின் ஆட்கள் நாயைப் போலப் பந்தைத் துரத்தினார்கள். அவள் பந்தை ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குக் கொடுத்து, ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பி, பிறகு அலுங்காமல் கோலுக்குள் வைத்தாள். நாலுக்குப் பூச்சியம். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தகப்பன்தான் எழுந்து நின்று கைதட்டினார்.

அப்போது மணி மூன்று. செயலாளர் அண்ணை என்னை இறுதியாட்டத்துக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, கெதியா வந்து இரும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு நாலரைக்குப் படகு. மூண்டரை பஸ்ஸை விட்டால் பிடிக்கேலாது.”

அவர் நல்ல எண்ணத்தோடு சொன்ன அந்த வார்த்தையிலிருந்துதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஓர் ஆட்டம் பன்னிரண்டு நிமிடம். விளையாடினால் தோற்பேன். விளையாடாமல் அரை மணி நேரம் போனால் தோற்கமாட்டேன். பள்ளிக்கூடத்தில் எந்தக் கணக்கும் எனக்கு அவ்வளவு விரைவாக வந்ததில்லை.

கதிரையில் இருக்கும்போது என் ஜொய்ஸ்ரிக்கின் வயரைக் காலால் மெல்ல இழுத்து, பெட்டியில் செருகியிருந்த முனையை அரைவாசி கழற்றிவிட்டேன். திரையில் என் ஆட்கள் சிலையாக நின்றார்கள்.

“அண்ணை, வேலை செய்யுதில்லை.”

அவர் குனிந்து பார்த்து முனையைச் செருகினார். என் ஆட்கள் ஓடினார்கள். இடதுபக்கம் இடைக்கிடை நிற்கிறது என்றேன். அவர் தன் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்தார். அவருக்கு நிற்கவில்லை. எனக்கு நிற்கிறது என்றேன். வேறொரு பெடியனின் ஜொய்ஸ்ரிக்கைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பொத்தான் இறுகுகிறது என்றேன். இன்னொன்று வந்தது. அது கைக்குப் பெரிதாக இருந்தது.

நெடுந்தீவு அக்கா என் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். தன் ஜொய்ஸ்ரிக்கை என் பக்கம் நீட்டினாள்.

“இது நல்லா இருக்கு. நீர் இதில விளையாடும். நான் உம்மடையில விளையாடுறன்.”

அதற்கு என்ன சொல்வது என்று நான் யோசித்திருக்கவில்லை. எனக்குப் பழக்கமில்லை என்றேன். பிறகு கக்கூசுக்குப் போக வேண்டும் என்றேன். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குள் நின்று, சுவரில் ஊர்ந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டு, நூறு வரை இரண்டு தரம் எண்ணினேன். ரோட்டில் பஸ்ஸின் கோர்ன் சத்தம் கேட்டது. அதுதான் மூன்றரை பஸ்.

திரும்பி வந்தபோது அவள் போயிருப்பாள் என்று நினைத்தேன். அதே கதிரையில் இருந்தாள். தகப்பன் வாசலில் நின்றார்.

“பிறகும் ஒரு மினி பஸ் வருமாம் அப்பா. பன்னிரண்டு நிமிசந்தான்.”

தகப்பன் ரோட்டைப் பார்த்தார். நான் என் ஜொய்ஸ்ரிக்கைத் துவாயால் துடைத்தேன். முனையைக் கழற்றி ஊதினேன். திரும்பச் செருகினேன். எந்த அணியை எடுப்பது என்று முழு அணிகளையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தகப்பன் உள்ளே வந்து மகளின் தோளில் கை வைத்தார்.

“பிள்ளை, இனி ஏலாது.”

அவள் எழுந்தாள். வயரைத் தன் ஜொய்ஸ்ரிக்கைச் சுற்றி ஒழுங்காகச் சுற்றினாள். என்னை ஒரு முறை பார்த்தாள். அதில் கோபம் எதையும் நான் காணவில்லை. காணவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்தேன்.

கோப்பையை எனக்குத் தந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். செயலாளர் அண்ணை என்னோடு நின்று படம் எடுத்தார். பொய் சொல்லி வென்றேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புத்தியால் வென்றேன் என்றுதான் தோன்றியது. பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா அதைக் கழுவித் துடைத்து, முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆறு மணி அளவில் அப்பாவின் ஆட்டோச் சத்தம் கேட்டது. கோப்பையைக் காட்ட வெளியே ஓடினேன். ஆட்டோவின் பின் இருக்கையிலிருந்து நெடுந்தீவு அக்காவும் அவள் தகப்பனும் இறங்கினார்கள்.

“பாவம், படகை விட்டிட்டினம்,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். “துறையில நிண்டினம். காலமைப் படகில போகட்டும்.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “உன்னோடதானாம் கடைசி விளையாட்டு, அது நடக்கேல்லையாம். எப்பிடி, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்திட்டியள்.”

கோப்பையைக் கொண்டுபோய்த் திரும்ப டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் தகப்பன் ஒரு பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கென்று கொண்டுவந்ததாம், கொடுத்துவிட நேரம் கிடைக்கவில்லையாம். அம்மா குசினிக்குள் போய் இன்னும் இரண்டு பேருக்கு மாக் குழைக்கத் தொடங்கினார்.

தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா கேட்டார்: “பஸ் மூண்டரைக்கு இருந்ததுதானே. ஏன் இவ்வளவு பிந்தினனீங்கள்?”

நெடுந்தீவு அக்காவின் தகப்பன் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். “அது, தம்பியின்ரை அந்தச் சாமான்...” என்று தொடங்கினார்.

“கரண்ட் நிண்டிட்டுது மாமா,” என்றாள் அவள். “பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கினவை. அதோட எல்லாம் பிந்திப் போச்சு.”

அவள் தகப்பன் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். “ஓம், கரண்டுதான்,” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவள் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நெடுந்தீவுக்காரர்கள் நல்ல வெள்ளந்திகள் என்றுகூட நினைத்தேன். அதன்பிறகு வளர்ந்து, ஒரு நாள் வேறொருவர் வீட்டில், அவர்கள் போட்ட சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விழுங்கியபோதுதான் அந்தத் தேத்தண்ணி நேரம் எனக்கு விளங்கியது. அன்று அவர்களுக்கு அந்தத் தீவில் படுக்க வேறு இடம் இல்லை. எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, எங்கள் வீட்டுப் பிள்ளை செய்ததை என் அப்பாவுக்கு முன்னால் அவள் எப்படிச் சொல்வாள். பதினான்கு பதினைந்து வயதில் அவளுக்கு அது தெரிந்திருந்தது.

அம்மாதான் குசினியிலிருந்து சொன்னார்: “விட்ட விளையாட்டை இஞ்ச விளையாடுங்கோவன். இடியப்பம் அவிய நேரம் கிடக்கு.”

நான் பழைய ஜொய்ஸ்ரிக்கை எடுத்துக்கொண்டேன். வந்தவர்களுக்கு நல்லதைக் கொடு என்று அப்பா சொன்னதால் புதியது அவள் கைக்குப் போனது. அவள் பெருவிரலால் அதன் இடதுபக்கத்தை மேலே, கீழே, வட்டமாக, மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். திரையில் அவள் ஆள் மேலே, கீழே, வட்டமாக ஓடினான்.

“நல்லா வேலை செய்யுது,” என்றாள்.

“அது புதுசு பிள்ளை,” என்றார் அம்மா. “என்ரை தம்பி கனடாவில இருந்து அனுப்பினது. ஒரு நாளும் கரைச்சல் தந்ததில்லை.”

பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் அடித்துவிட்டாள். அப்பா அவளுக்குக் கைதட்டினார். அடுத்த பாதியில் நடந்ததுதான் எனக்குப் புதிராக இருந்தது. அவள் கோல் அடிக்க முயலவே இல்லை. தன் பின்வரிசை ஆட்களுக்குள்ளேயே பந்தை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன், விழுந்தேன், எழும்பி மீண்டும் ஓடினேன். ஒரு தரமாவது பந்து என் காலில் படவில்லை.

“என்ன பிள்ளை, இன்னும் ரெண்டு போடேல்லையோ?” என்று அப்பா கேட்டார்.

“நேரம் போகட்டும் மாமா,” என்றாள்.

அப்பா பெரிதாகச் சிரித்தார். அவள் தகப்பன் சிரிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோல் அடிக்க அவளுக்கு அலுத்துவிட்டது என்று நான் நினைத்தேன். காலையிலிருந்து விளையாடிக் களைத்திருப்பாள் என்றும் நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா எழுந்துபோய்க் கோப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். பகிடியாகத் தொடங்கினாலும், நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. அவள் தகப்பன்தான் குறுக்கே வந்தார்.

“அது அங்க குடுத்தது. இருக்கிற இடத்தில இருக்கட்டும்.”

அப்பா மறுபடி வற்புறுத்துவார் என்று பயந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். கோப்பை டிவிக்குப் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. இடியப்பமும் அவர்கள் தந்த கருவாட்டில் வைத்த குழம்பும். நான்தான் கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அப்பா அவர்களைத் துறைக்குக் கொண்டுபோனபோது, அம்மா சொன்னதால் நானும் கூடப் போனேன். படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் தகப்பன் என் தலையைத் தடவி நன்றாகப் படிக்க வேண்டும் என்றார். அவள் ஏறப் போனவள் நின்று திரும்பினாள்.

“தம்பி, அடுத்த வருசம் வெள்ளனத் தொடங்கச் சொல்லும், என்ன?”

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

இரண்டு கிழமையில் யாழ்ப்பாணத்துப் போட்டிக்குப் போனேன். முதல் ஆட்டத்திலேயே ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றேன். அந்தச் செய்தியைச் சொல்லப் போனபோது, நெடுந்தீவு அக்கா சொன்னதையும் செயலாளர் அண்ணையிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் அதைக் கழகத்துக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வருடம் வெள்ளன, காலை எட்டு மணிக்கே தொடங்கினார்கள். கரண்ட் நிற்கவில்லை. இரண்டு மணிக்கெல்லாம் கோப்பையும் கொடுத்து முடிந்துவிட்டது. நான் இரண்டாவது ஆட்டத்தில் வெளியேறியிருந்தேன். நெடுந்தீவிலிருந்து யாரும் வரவில்லை. ஏன் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த செயலாளர் அண்ணையிடம் போய், அந்த அக்கா சொன்னபடி வெள்ளனத் தொடங்கியது எவ்வளவு நல்லதாகப் போய்விட்டது என்றேன். ஓமோம், உம்மாலதான் என்று அவர் என் முதுகில் தட்டினார். யாருக்கோ பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு அன்று நான் வீட்டுக்குப் போனேன்.