மூடிக்காரர் வீட்டில் தக்காளி டின்

மத்தி மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். மீனைக் கையால் தொட வேண்டிய அவசியமே அவருக்கு இருந்ததில்லை. டின்னின் விளிம்பையும் மூடியின் விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்து இரட்டை மடிப்பாக அழுத்துகிற இயந்திரம் ஒன்று உண்டு. அது அவர் பொறுப்பு. மணிக்கு ஒரு டின்னை வரிசையிலிருந்து எடுத்து, விளிம்பை அறுத்து, மடிப்பு ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். அறுத்த டின்னை விற்க முடியாது. குப்பையில் போடவும் மனம் வராது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் ரொட்டி மட்டும் கொண்டு போனதன் காரணம் அதுதான். தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் மூடிக்காரர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயரும் அவரோடு மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

டின் மத்தி வாங்குவது அவருக்கு அரை நாள் வேலை. கடையில் அலமாரி முன் நின்று, ஒவ்வொரு டின்னாக எடுத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவுவார். பக்கவாட்டில் நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மடிப்பின் மேல் நசுங்கியிருந்தால் திருப்பி வைத்துவிடுவார். மூடி கொஞ்சம்கூட உப்பியிருக்கக் கூடாது. கடைசியாகக் காதருகே வைத்து ஒரு குலுக்கு. நெருக்கி அடுக்கிய மீன் சத்தம் போடாது.

"ஐயா, அது டின்னு. காதுல வெச்சா பேசாது" என்பார் கடைக்காரர்.

"பேசினா நான் வாங்க மாட்டேன்" என்பார் மூடிக்காரர்.

அவர் வாங்குவது ஆலிவ் எண்ணெயில் போட்டது மட்டும். சின்ன மீனாக இருக்க வேண்டும், தோலோடும் முள்ளோடும் இருக்க வேண்டும். வாங்கியதும் சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வாங்கிய தேதியைப் பென்சிலால் எழுதி, கட்டிலுக்கு அடியில் மரப்பெட்டியில் அடுக்கி, இரண்டு வருடம் விட்டுவிடுவார். மாதத்துக்கு ஒரு தடவை எல்லா டின்னையும் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் இரண்டு பக்கமும் ஊறும். தொழிற்சாலைக் கிடங்கில் அப்படித்தான் செய்தார்கள். முதல் தேதி காலையில் பல் தேய்த்த கையோடு கட்டிலுக்கு அடியில் குனிந்துவிடுவார்.

தக்காளிச் சாறில் போட்ட மத்தி என்று ஒன்று உண்டு. அதை அவர் வீட்டு வாசலுக்குள் விட்டதில்லை. "நல்ல மீனுக்கு எதுக்குச் சட்டை? கெட்டுப்போன மீனை மறைக்கத்தான் தக்காளி" என்பது அவர் தீர்ப்பு. நாற்பது வருடமாக அதற்கு அப்பீல் இல்லை.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைத்தவர். பேச்சில் கத்தரிக்கோல். அறுபத்தெட்டாவது வயதில் அவருக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. முதலில் நான்கு மாதம் மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, அவரும் சுருங்கிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப் போனபோது மருத்துவர் எடையைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாற்பத்தி மூணு எண்ணூறு. இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. மூணு வாரம் தரேன். நாற்பத்தஞ்சு கிலோவோட வாங்க. ரொம்ப நாள் தள்ளவும் முடியாது, கட்டி மறுபடி வளரும்."

ஒரு கிலோ இருநூறு கிராம். ஆரோக்கியமாக இருக்கிறவர் ஒரு விருந்தில் அதை ஏற்றிக்கொள்வார். அந்த அம்மாளுக்கோ சாப்பாடு என்றாலே முகம் திரும்பிக்கொண்டது. வாயில் எது பட்டாலும் பழைய காசைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றார். மருந்து செய்கிற வேலை அது, பலருக்கு வருகிறதுதான்.

அந்த அம்மாளின் தங்கை தினமும் பேருந்து ஏறி வந்து சூப்பு வைத்துக் கொடுத்தார். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மூடிக்காரர் தன் பங்குக்குப் பெட்டியிலிருந்து ஒரு டின்னைத் திறந்து, அதற்குள்ளேயே முள்கரண்டியைக் குத்தி, அப்படியே கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். அவருக்குத் தெரிந்த உபசாரம் அது.

"தள்ளி வைங்க அதை. இரும்பு நாத்தம் குடலைப் பிடுங்குது."

"இது இரண்டு வருஷம் ஊறினது."

"அப்ப இரண்டு வருஷ நாத்தம்."

மூடிக்காரர் டின்னை எடுத்துக்கொண்டார். அடுக்களைக்குப் போய் நின்றபடியே, உள்ளே பார்க்காமலே, தானே அதைச் சாப்பிட்டு முடித்தார். ருசி தெரியவில்லை.

முதல் வாரம் முடிந்ததும் வீட்டுக்கு வரும் நர்ஸ் எடை பார்த்தார். நாற்பத்தி மூணு ஐந்நூறு. முன்னூறு கிராம் குறைந்திருந்தது. நர்ஸ் அதிகம் பேசாத பெண். கட்டில் பக்கத்திலிருந்த தட்டையும் கரண்டியையும் பார்த்தார், ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"ஐயா, ஸ்டீல் எதுவும் வேணாம். கரண்டி மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ இருக்கட்டும். தட்டு பீங்கான். டின்னை இவங்க கண்ணுலயே காட்டாதீங்க. அடுக்களையில திறந்து, எடுத்து வெச்சுக் கொண்டாங்க. சூடு பண்ண வேணாம், சூடுன்னா வாசனை கிளம்பும். கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. புளிப்பா இருந்தா வாய்க்குப் பிடிக்கும்."

"மத்தி கொடுக்கலாமா?"

"தாராளமா. முள்ளோட மசிச்சுக் கொடுங்க, எலும்புக்கு நல்லது. திறக்கும்போது மூடியைக் கழுவிட்டுத் திறங்க. மிச்சத்தை டின்னுல வைக்காதீங்க."

"மூடியைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்றார் மூடிக்காரர்.

"யார்கிட்டயும் சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் செருப்பை மாட்டினார்.

மறுநாள் அவர் பெட்டியின் அடியிலிருந்து மிகப் பழைய டின்னை எடுத்தார். மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. தன் சேமிப்பின் மகுடம் என்று அவர் எடுத்து வைத்திருந்தது. மூடியைக் கழுவி, துடைத்து, இழுத்துத் திறந்தார். திறந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

மேல் வரிசை மீன் காய்ந்து, தோல் உரிந்து, காகிதம் மாதிரி இருந்தது. முள்கரண்டியால் புரட்டினார். அடிப்பக்கம் எண்ணெயில் ஊறி நைந்துபோய்க் கிடந்தது. இன்னொரு டின்னைத் திறந்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதும்.

"எண்ணெயைக் குறைச்சுட்டானுங்க" என்று கத்தினார். "நான் வெளியே வந்ததும் கம்பெனி உருப்படலை. இதைப் பார்த்தியா? கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுக் காட்டணும் அந்த மேனேஜரை!"

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி கேட்டார். "என்ன ஆச்சு?"

"ஒரு பக்கம்தான் ஊறியிருக்கு. திருப்பாத டின்னு மாதிரி இருக்கு. மாசா மாசம் ஒண்ணாம் தேதி நான் தவறாம திருப்பறேன்!"

அந்த அம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீங்க திருப்பறீங்களா?"

"பின்ன யாரு?"

"நான்தானே திருப்பறேன். ரெண்டாம் தேதி. உங்க முட்டி போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிடிச்சுக்கிச்சே, அப்ப இருந்து. குனிய முடியாம விட்டுட்டீங்க, கேட்டா மானக்கேடுன்னு நினைப்பீங்கன்னு நானே செஞ்சிட்டிருந்தேன். மருந்து ஏத்தின நாலு மாசமும் தங்கச்சியை விட்டுத் திருப்பச் சொன்னேன்."

அடுக்களை வாசலில் நின்ற தங்கை தலையை ஆட்டினார். "ஆமா அத்தான். அக்கா சொன்னபடி தலைகீழா வெச்சேன். இடுப்பு போச்சு."

மூடிக்காரர் அப்போதும் கணக்கு விளங்காதவர் போல நின்றார். முட்டி தேறிய மறுமாதமே அவர் மறுபடி குனியத் தொடங்கியது மனைவிக்குத் தெரியாது; முதல் தேதி அவர் கவிழ்த்தது, இரண்டாம் தேதி நிமிர்ந்தது. இரண்டு வருடமாக அந்த டின்கள் மாதத்தில் ஒரு நாள் மட்டும் மறுபக்கம் படுத்திருக்கின்றன.

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஒட்டிப்போன கன்னத்தில் சிரிப்பு வந்தால் எலும்புதான் தெரியும், தெரிந்தது. இருமல் வருகிற வரை சிரித்தார். "கம்பெனிக்கு லெட்டர் எழுதுங்க. எழுதுங்க. 'எங்க வீட்ல ரெண்டு சூப்பர்வைசர்'னு எழுதுங்க."

சிரித்த வேகத்தில், மூடிக்காரர் மீனை எடுத்து வைத்துக் கொண்டுவந்த பீங்கான் தட்டிலிருந்து ஒரு மீனை மரக்கரண்டியால் எடுத்து வாயில் வைத்தார். பாதி விழுங்கினார். மீதியைத் தட்டில் ஓரமாக ஒதுக்கினார்.

"இரும்பு நாத்தம் இல்லை. ஆனா வழவழன்னு எண்ணெய். இறங்கல."

"எலுமிச்சை பிழியவா?"

"வேணாம்." கொஞ்சம் தயங்கினார். தயங்குகிற பழக்கம் இல்லாதவர். "தக்காளி டின்னு இருந்தா சாப்பிடுவேன்."

அடுக்களையில் தங்கை எதையோ அவசரமாகக் கழுவத் தொடங்கினார்.

"எந்தத் தக்காளி டின்னு?"

"அதான். சிவப்புத் தாள் ஒட்டினது. தங்கச்சி வீட்டுக்குச் சனிக்கிழமை துணி வெட்டப் போவேனே, அங்க சாப்பிடுவோம். ரொட்டியில மசிச்சு."

"எத்தனை நாளா?"

"இவ கல்யாணம் ஆனதுல இருந்து."

"முப்பது வருஷம்" என்றார் தங்கை உள்ளிருந்து, கேட்காமலே.

மூடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவர் திறந்து வைத்த டின்னில் ஒன்றே ஒன்றை எடுத்துவிட்டு, "வயிறு மந்தமா இருக்கு" என்று மனைவி சொல்வதை அவர் நம்பியிருந்தார். வயிற்று மாத்திரைகூட வாங்கித் தந்திருக்கிறார்.

"அந்த மீனோட தரம் என்னன்னு உனக்குத் தெரியுமா? பெரிய மீனை வெட்டிப் போடுவான். உடைஞ்சது, வயிறு கிழிஞ்சது எல்லாம் அதுலதான் போகும். நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"தெரியும். எனக்குப் பிடிச்சிருக்கு."

அதற்கு மேல் அவர் வாதாடியிருக்கலாம். சுவர் நாட்காட்டி எதிரே தொங்கியது. பதின்மூன்று நாள் இருந்தது. எழுந்து சட்டையை மாட்டினார்.

கடையில் எண்ணெய் டின் அலமாரியைத் தாண்டி, தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டின் முன் குந்தினார். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"ஐயா, அது தக்காளி."

"படிக்கத் தெரியும்."

"வீட்ல பூனை ஏதும் வளர்க்கறீங்களா?"

"என் சம்சாரத்துக்கு" என்றார் மூடிக்காரர். கடைக்காரர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். இவர் கட்டைவிரலால் ஒவ்வொரு விளிம்பாகத் தடவினார். மீன் எப்படியோ, மடிப்பு மோசமில்லை. இயந்திரத்தில் நிற்கிறவன் யாரோ வேலை தெரிந்தவன். பன்னிரண்டு டின் எடுத்தார்.

வீட்டில் நர்ஸ் சொன்ன முறைப்படி எல்லாம் நடந்தது. டின்னைக் குளிரவைத்து, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்தார். மீனைக் கிண்ணத்தில் கொட்டி, நடுமுள்ளோடு மசித்து, ஓரம் வெட்டிய ரொட்டியில் தடவி, நாலு விரல் அகலத் துண்டுகளாக்கிக் கொண்டுபோனார். அந்த அம்மாள் ஒரு துண்டைத் தின்றார். விரலில் வழிந்த சாற்றை நக்கினார். இரண்டாவதை எடுத்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

நாலு மாதத்தில் உப்பு உறைப்பைப் பற்றி அவர் சொன்ன முதல் குறை அது. புளிப்பு இரும்பு ருசியை அமுக்கிவிட்டது, அவ்வளவுதான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மூடிக்காரர் உப்பை எடுத்து வந்தார்.

அதன்பிறகு தினமும் ஒரு டின், நாலு வேளையாகப் பிரித்து. இடையில் வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு மசியல், பால், ஒரு முட்டை. சில நாள் வாந்தி வந்தது. ஒரு நாள் முழுக்கத் தூங்கினார், எதுவும் உள்ளே போகவில்லை. அன்றைக்கு மூடிக்காரர் ரொட்டித் துண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், பெட்டிக்குள் ஏதோ குட்டி போடும் என்பது போல.

"அதையும் திருப்பி வைக்கறீங்களா அத்தான்?" என்றார் தங்கை.

"நீ ரெண்டாம் தேதி வந்து சரிபண்ணு" என்றார் அவர்.

மூன்று வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை நர்ஸின் தராசில், குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடும் செருப்போடும், நாற்பத்தைந்து நூறு. மூடிக்காரர் மனைவியை அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அந்தத் தராசில் முள் நாற்பத்தி நாலு அறுநூறில் நின்றது.

மூடிக்காரர் தராசைப் பார்த்தார், அதன் காலைப் பார்த்தார், தரை சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். "இது சரியில்லை. மட்டம் வெச்சுப் பாருங்க" என்றார். எடை எடுத்த பெண் எண்ணை எழுதிக்கொண்டாள்.

மருத்துவர் தாளைப் படித்தார். நர்ஸ் வாரா வாரம் எழுதி அனுப்பியதையும் இன்று எடுத்த ரத்த அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"நாற்பத்தஞ்சு கேட்டேன், நானூறு கம்மி" என்றார் மருத்துவர். "ஆனா முதல் வாரம் இறங்கினது, ரெண்டு வாரமா ஏறிட்டே வருது. ரத்தத்துல புரதமும் தேறியிருக்கு. எனக்கு வேண்டியது அதுதான். திங்கள்கிழமை வந்து சேருங்க, செவ்வாய் காலையில செய்துடலாம். என்ன கொடுத்தீங்க?"

"தக்காளியில போட்ட மத்தி" என்றார் மூடிக்காரர். வசவு சேர்க்காமல் அந்த வார்த்தையை அவர் மற்றவர் முன்னால் சொன்னது அன்றுதான்.

"அதையே கொடுங்க, திங்கள் வரைக்கும்."

வெளியே வந்தார்கள். பேருந்து நிறுத்தம் வரை நடக்க அந்த அம்மாளுக்கு இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. இரண்டாவது இடம் ஒரு ரொட்டிக்கடையின் முன்படி. உள்ளிருந்து சூடான மாவு வாசனை வந்தது. மூடிக்காரர் சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார், குமட்டுமோ என்று.

"பசிக்குது" என்றார் மனைவி. "பன் ஒண்ணு வாங்குங்க."

அவர் கடைக்குள் போனார். தட்டு நிறைய பன் அடுக்கியிருந்தது. முன்னால் குனிந்து, ஒன்றை எடுத்து அடிப்பக்கம் பார்த்தார், அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து விரலால் அழுத்தினார்.

"ஏங்க!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "பரீட்சை வைக்காதீங்க. எதையாவது எடுத்துட்டு வாங்க."

கையில் இருந்ததையே கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் அதில் முக்கால்வாசி சாப்பிட்டார்.