பசை ஒட்டிய பல்

வெள்ளிக்கிழமை காலை சாமி படத்துக்கு மாலை போட்டுவிட்டு, மிச்ச நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். நூல் அறுந்த வேகத்தில் கீழ்ப்பல் மேலே மோதி, முன்பல்லின் நுனி கையில் வந்து விழுந்தது. சாமி முன்னால் இப்படி ஆனதே என்று மனசு பதறியது. விளக்கைக் கூட ஒழுங்காக ஏற்றவில்லை.

அப்புறம் நான் செய்தது பெரிய முட்டாள்தனம். எங்கள் கம்பெனியில் உதிரிபாகம் ஒட்டும் பசை வீட்டில் ஒரு புட்டி இருந்தது. இரும்பையே விடாதது பல்லை விடுமா என்று நினைத்து, உடைந்த துண்டை அதில் ஒட்டினேன். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. சாயங்காலம் இட்லி சாப்பிடும்போது துண்டு கழன்று நாக்கில் உருண்டது. கொஞ்சம் அசந்திருந்தால் விழுங்கியிருப்பேன்; துப்பி எடுத்து வைத்தேன்.

மறுநாள் தளி ரோட்டில் இருக்கும் பல் டாக்டரம்மாவிடம் என் வீட்டுக்காரி இழுத்துக்கொண்டு போனாள்.

"இதை யாருண்ணா ஒட்டினது?" என்று துண்டைப் பார்த்துக் கேட்டார்.

"இவரேதாங்க. கம்பெனில இருக்கற நெனப்பு, வீட்லயும் விடல" என்றாள் இவள்.

"துண்டைத் தண்ணியில போட்டு அப்பவே கொண்டு வந்திருந்தா அதையே சேர்த்திருக்கலாம். இப்ப பசை ஏறிப்போச்சு, ஆகாது. வேற வெச்சுக் கட்டறேன். நரம்பு நல்லா இருக்கான்னு மொதல்ல பாக்கணும்."

உதவிக்கு நின்ற பெண்ணிடம் அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எல்லையோர ஊரான இங்கே பத்து வருஷம் இருந்தும் எனக்கு அது பாதிதான் புரியும். பிடுங்கப் போகிறார்களோ என்று முருகனைக் கூப்பிட்டேன். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தார். சுரீரென்றது. "வலிச்சா நல்லதுண்ணா, உயிரு இருக்கு" என்றார்.

சுழலும் மிஷினால் பசையைச் சுரண்டி, மாவு போன்ற ஒன்றை வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக்கினார். கலர் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார்.

"எங்கயாவது தட்டுதா? இருந்தா சொல்லிடுங்க. தட்டிக்கிட்டே இருந்தா ஒரு மாசத்துல பேந்து வந்துடும்."

தட்டியது. ஆனால் மறுபடி அந்த மிஷின் வாய்க்குள் வருமே என்ற பயத்தில், "இல்லீங்க, சரியா இருக்கு" என்று எழுந்துவிட்டேன்.

படி இறங்குவதற்குள் வாயை மூடும்போதெல்லாம் டக்கென்று இடித்தது.

"என்னங்க, வாயத் தொறந்துக்கிட்டே நடக்கறீங்க?"

சொன்னேன். அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"சாமிகிட்டப் பொய் சொல்ல மாட்டீங்க. உங்க பல்லப் பாக்கறவங்ககிட்ட மட்டும் சொல்வீங்களா? ஏறுங்க மேல."

டாக்டரம்மா திட்டவில்லை. "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். மிஷின் சத்தம் கேட்டது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி வாயைத் திறந்தேன். மூன்று தரம் தேய்த்து, மூன்று தரம் காகிதம் கடிக்கவைத்தார். முதல் இரண்டு தரமும் இடித்ததை இடித்தது என்றே சொன்னேன்; மூன்றாவது தரம்தான் இடிக்கவில்லை.