ஏறாத முள்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் குடியிருக்கும் செல்லக்கிளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அவள் பேரில் ஒரு பழைய டீசல் கார் வாடகைக்கு ஓடுகிறது. காய்கறிக் கடையில் சம்பாதித்து வாங்கியது. கடையில் இருந்த காலத்திலேயே தராசை ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பவள். வண்டி வந்த பிறகு அந்தக் கண் மெக்கானிக்குகள் பக்கம் திரும்பியது. எந்தச் சாமான் மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கையில் வாங்காமல் நகரமாட்டாள். புதியது போட்டதாகச் சொல்லிவிட்டுப் பழையதையே துடைத்து மாட்டிவிட்டால் தனக்கு எப்படித் தெரியும் என்பது அவள் கேள்வி. வாங்கியதையெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வண்டி டீசலைக் குடிக்க ஆரம்பித்தது. அதே ஸ்ரீரங்கம், அதே தஞ்சாவூர்ச் சவாரி. டீசல் போடப் பெட்ரோல் பங்குக்கு மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகப் போக வேண்டியிருந்தது. வண்டியை ஓட்டுகிற அடைக்கலம் ஆரம்பத்திலிருந்து அவளிடம் இருப்பவன். அவனை ஒன்றும் கேட்காமல் டீசல் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். டீசல் போடப் போகும்போது மட்டும் எடுத்துக் கொடுத்தாள். பூட்டிய பிறகும் டீசல் அதே வேகத்தில் இறங்கியது. அப்படியென்றால் கள்ளச்சாவி இருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

ஒருநாள் அவளே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சத்திரம் பேருந்து நிலைய நெரிசலில் ஹீட் மீட்டரின் முள் கொஞ்சம் எழுந்தது. காட்டூர் தாண்டி வண்டி வேகமெடுத்ததும் அது மறுபடி படுத்துக்கொண்டது. ஓட ஓடச் சூடு ஏறாமல் குறையுமா? அடைக்கலத்திடம் கேட்டபோது மீட்டர் கோளாறாக இருக்கும் என்றான். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மீட்டர் ஒயரை அவனே அறுத்திருப்பான். ஒயரில் கைவைக்கத் தெரிந்தவனுக்கு மூடியைத் திறக்கவா தெரியாது?

“மன்னார்புரத்துல மெக்கானிக்கிட்ட காட்டிட்டு, அங்கேயே சாவியக் குடுத்துட்டுப் போயிடு அடைக்கலம்” என்றாள்.

அவன் வண்டியை மன்னார்புரத்துக்குத் திருப்பினான்.

மன்னார்புரத்தில் பட்டறை வைத்திருக்கும் இருதயநாதன் எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்லி, வண்டியை நிறுத்திவிட்டுக் காலையில் வரச் சொன்னார். கார் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போன செல்லக்கிளி, மறுநாள் பட்டறை திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். அடைக்கலமும் வந்திருந்தான். தன்மேல் விழுந்த திருட்டுப் பேரோடு போக அவனுக்கு மனமில்லை.

இருதயநாதன் முதலில் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றினார். சாவியை ஆன் செய்யச் சொல்லி, ஒயரின் நுனியை எஞ்சின் இரும்பில் ஒட்டினார். முள் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறியது. மீட்டரும் ஒயரும் சரியாக இருக்கின்றன, யாரும் எதையும் அறுக்கவில்லை என்றார். செல்லக்கிளி குனிந்து ஒயரை முனைக்கு முனை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைக் காட்டினார்.

“நான் சொன்னா நம்பமாட்டீங்க. நீங்களே கைய வச்சுப் பாருங்கம்மா.”

வைத்தாள். எஞ்சின் சூடேறுகிறவரை உள்ளே ஒரு வால்வு தண்ணீரை அடைத்து நிறுத்த வேண்டும், அதுவரை இந்தக் குழாய் பச்சைத்தண்ணீர்போல் சில்லென்று இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுட வேண்டும் என்று அவர் விளக்கினார். அவள் கைக்கடியில் குழாய் தொடக்கத்திலிருந்தே மெல்ல வெதுவெதுத்தது. பால் கொதிக்கிற சமயத்தில் பச்சைத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அடுப்புக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும், அந்தக் கணக்குத்தான் உங்கள் டீசல் என்றார். வண்டியை அணைத்துவிட்டு வால்வு இருக்கும் மூடியைக் கழற்றினார். உள்ளே வெறும் குழி.

செல்லக்கிளி திரும்பினாள். “அதையும் வித்துட்டியா?”

அடைக்கலம் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். “வால்வு எப்படிங்க இருக்கும்?” என்று இருதயநாதனைக் கேட்டான். அவர் ஒரு பழைய வால்வை எடுத்துக் காட்டினார்: பித்தளைத் தட்டு, நடுவில் ஸ்பிரிங்.

“அக்கா, இது உங்க பிஸ்கட் டின்ல இருக்கு. சித்திரையில காட்டூர்கிட்ட வண்டி கொதிச்சு நின்னுச்சுல்ல? அந்தக் கடையில கழட்டினத நீங்கதானே முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்தீங்க.”

அவளுக்கு நினைவு வந்தது. பழையதைக் கேட்டு வாங்கினாள். புதியதைப் போட்டார்களா என்று கேட்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று கழற்றி எறிவது பல பட்டறைகளில் வழக்கம்தான் என்றார் இருதயநாதன். ரேடியேட்டரில் அடைத்த சேற்றை எடுக்காமல் வால்வை எடுத்திருக்கிறார்கள். கோடையில் ஒப்பேறியது, மழையில் குட்டு வெளிப்பட்டது.

செல்லக்கிளி பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். வால்வைக் கொண்டுவந்தால் தானே சோதிப்பதாக இருதயநாதன் சொல்லியிருந்தார். ஆனால் அதை அவரிடம் விட அவளுக்கு மனம் வரவில்லை. டின்னிலிருந்து வால்வை எடுத்து, நூலில் கட்டிச் சருவத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றினாள். தண்ணீர் தளதளக்கத் தொடங்கும் வேளையில் தட்டு மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் ஆற ஆற மூடிக்கொண்டது. இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தாள். நல்ல வால்வு. ஒரு நல்ல ஆளையும் அதோடு சேர்த்துக் கழற்றி எறிய இருந்தாள்.

அவள் வால்வோடு பட்டறைக்கு வந்ததும், சாயங்காலத்துக்குள் ரேடியேட்டரைக் கழுவி, மூடிக்கு அடியில் தண்ணீர் கசியாமல் புதுப் பேக்கிங் வைத்து வால்வை மாட்டினார்கள். செல்லக்கிளி டீசல் மூடியின் பூட்டைத் திறந்து பையில் போட்டுக்கொண்டாள். கார் சாவியை அடைக்கலத்திடம் நீட்டினாள்.

“நாளைக்குத் தஞ்சாவூர் சவாரி இருக்கு. வருவீல்ல?”

“பூட்டு இல்லன்னா வரேன்க்கா.”

“அதான் எடுத்துட்டேன்ல.”

வண்டியில் ஏறப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டு பட்டறைக்குள் திரும்பினாள். இருதயநாதன் கேட்காமலே கழற்றிய பழைய பேக்கிங்கை அவள் கையில் வைத்தார்.