வெளிச்சத்தைக் கூட்ட முடியாது

என் மனைவிக்கு விழித்திரை நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது; மங்கலான இடத்தில் அனேகமாக ஒன்றுமே தெரியாது. மருந்து இல்லை என்று டாக்டர் சொன்ன அன்று, கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"அந்த மியூசியத்துக்கு ஒருவாட்டி கூட்டிட்டுப் போங்க."

ஒரேயொரு ஜப்பானிய ஓவியரின் படங்களுக்காகவே நடக்கும் சிறிய மியூசியம் அது. அவர் வரைந்த படங்களை மரப்பலகையில் செதுக்கி, சாயம் தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் இவள் சென்னையில் துணிகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தாள். இங்கே வந்து விசாவால் வேலைக்குப் போக முடியாமலிருந்த வருஷங்களில், லைப்ரரிப் புத்தகம் ஒன்றில் அவர் படங்களைப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து ஒரே பைத்தியம்.

ஒரு சனிக்கிழமை மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டுக் கிளம்பினோம். காரில் நிறையப் பேசினாள். மழைப் படம் ஒன்று இருக்கிறதாம். அவ்வளவு மெல்லிய கோடுகளை மரத்தில் எப்படி வெட்டினார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.

உள்ளே நுழைந்தோம். அறை அந்திநேரம் போல் இருந்தது. என் கண்ணே பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைட் போடலையாங்க?"

மேசையருகே இருந்த வயதான ஜப்பானியப் பெண்மணியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "வெளிச்சம் பட்டால் இந்தச் சாயமெல்லாம் வெளுத்துப்போகும். இதற்கு மேல் கூட்ட முடியாது. மன்னியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். நியாயமான காரணம். சண்டை போடக்கூட எனக்கு வழியில்லை.

மழைப் படத்தின் முன் அவளை நிறுத்தினேன். கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் குனிந்தாள்.

"ஃபிரேம் தெரியுது. உள்ள கறுப்பா இருக்கு. நீங்க சொல்லுங்க."

"ஒரு தெரு. குடை பிடிச்சுட்டு ரெண்டு பேர் போறாங்க. மழை பெய்யுது."

"மழை எப்படி இருக்கு?"

"கோடு கோடா இருக்கு."

"எவ்ளோ மெல்லிசு?"

"ரொம்ப மெல்லிசு."

அவள் காத்திருந்தாள். போனில் படம் பிடித்துக் காட்டினேன். "இது வீட்லயே பாத்ததுதானே" என்றாள். என்ன நினைத்தேனோ, போன் டார்ச்சைப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் அந்த வெளிச்சமே திருப்பி அடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்மணி ஓடிவந்து, "தயவுசெய்து வேண்டாம்" என்றார். அணைத்தேன். அறையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் அந்த அம்மாவே எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வைத்திருக்கும் பலகை ஒன்றைக் கொடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து இவள் விரலால் தடவினாள். ரொம்ப நேரம் தடவினாள்.

"இது என்ன படம்?"

நானும் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை. "ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. இது நீலத்துக்கு மட்டும். தனியாக இதில் படம் தெரியாது" என்றார் அவர். இவள் தலையாட்டினாள். நன்றி சொல்லிப் பலகையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கார் ஃப்ரீவேயில் ஏறிய பிறகு கேட்டாள்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்பே அங்கே கூட்டிப்போகச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இந்த வாரம் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ், இந்த வாரம் கார் சர்வீஸ் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். போக ஒரு மணி நேரம்கூட ஆகாத இடம்.

"ம்" என்றேன்.

அவள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்று தெரியவில்லை.