முருகன் எடுத்துக்கொண்ட ‘ங்க’

கால் இட்லி. முழு இட்லிகூட இல்லை, அதில் கால்வாசி. அது என் நெஞ்சில் போய் நின்றுகொண்டது. கீழேயும் இறங்கவில்லை, மேலேயும் வரவில்லை. கண்ணில் நீர் வழிகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, மூச்சு முட்டுகிறது. போன ஆனி மாதம், காங்கேயம் பக்கத்தில் என் மாமியார் வீட்டு விருந்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் இலையை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேன். தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால் இட்லியைத் திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வெட்கம்கூட வரவில்லை. அதிர்ச்சிதான். இதே வீட்டில், தலைதீபாவளிக்கு, பதினெட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு “டிபன் ஆச்சு, சாப்பாடு எப்பங்க?” என்று கேட்ட மாப்பிள்ளை நான்.

முருகனை நம்பியிருக்கிற உங்களிடம், அந்தக் கால் இட்லியிலிருந்து அவன் என்னை மீட்ட கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். முருகனே சிரித்துக்கொண்டுதான் இதைச் செய்தான் என்பது என் அபிப்பிராயம்.

காந்திபுரத்தில் எனக்கு வெட் கிரைண்டர் கடை. கடைக்கு வருகிறவர்கள் “இதுல எது பெரிய சைசுங்க?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். டவுன் பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் “அடுத்த ஸ்டாப்புதாங்க” என்று தானாகவே எழுந்துகொள்வார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கவும் மாட்டார். இதையெல்லாம் நானே சொல்லிச் சிரிப்பேன். ஆனால் சர்க்கரை ஏறியது, ரத்த அழுத்தம் ஏறியது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. என் மனைவி சுமதி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, என் மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். அதைச் சொல்லி மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. சித்திரையில் எடைக்குறைப்பு ஆபரேசன் செய்துகொண்டேன். இரைப்பையில் ஒரு கோழிமுட்டை அளவை மட்டும் தனியாகப் பிரித்து, குடலை எடுத்து நேராக அதில் தைத்துவிட்டார்கள்.

ஆபரேசன் முடிந்து முதன்முதலாக மருந்து மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாயில் வயிறு நிறைந்துவிட்டது. பயந்துபோனேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சங்கதி எனக்கு நடந்ததே இல்லை.

“ஏனுங் சிஸ்டர், உள்ள எதையாச்சும் மறந்து வெச்சுத் தெச்சுப்போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்கண்ணா. அதுக்குப் பேருதான் வயிறு ரொம்பறதுங்க” என்றார் அந்தப் பெண்.

பிறகு சில வாரம் நீர் ஆகாரம். அப்புறம் அரைத்த ஆகாரம். பருப்பை அரைத்து, காயை அரைத்து, முட்டையை அரைத்து, குழந்தைக்கு ஊட்டுகிற கரண்டியில் கொடுத்தாள் சுமதி. “ஊரு பூராத்துக்கும் கிரைண்டர் வித்தீங்கல்ல, இப்ப நீங்களே அரைச்சதைத் தின்னுங்க” என்பாள். ஒரு வாய் வைத்தால் நன்றாக மென்று, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கும் மேடம் ஒருவர் இருந்தார். அவர் ஒரே ஒரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்ப நடத்தினார். “வயிறு ‘போதும்’னு சொல்லும். அது சொன்னதும் நீங்களும் சொல்லிடணும்.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வயிறு சொல்லிவிடும். நானும் சொல்லிவிடுவேன். ஆனால் நான் கொங்கு நாட்டுக்காரன். “போதுங்க” என்றுதான் சொல்வேன்.

எங்கள் பக்கம் ‘போதுங்க’ என்றால் போதும் என்று பொருள் இல்லை. இன்னொரு கரண்டி போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று பொருள். முதல் ‘போதுங்க’ மரியாதைக்கு. இரண்டாவது ‘போதுங்க’ ஆசையை மறைப்பதற்கு. மூன்றாவதுக்கும் கரண்டி நிற்காது. இலையின் மேல் கவிழ்ந்து படுத்தால்தான் நிற்கும். விருந்தாளியின் ‘போதுங்க’வை நம்பிக் கையை எடுத்துக்கொண்ட வீட்டைப் பற்றி அந்தச் சொந்தம் மூன்று தலைமுறைக்குப் பேசும்.

என் மாமியார், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இந்தக் கலையில் கை தேர்ந்தவர்.

“ஒன்னே ஒன்னுங் மாப்ள.”

“போதுங் அத்தை.”

“அட, இதென்னங்க இட்லியா? பஞ்சுங்க. வாயில வெச்சாக் காத்து.”

“போதுங் அத்தை, டாக்டரு…”

“டாக்டரு எங்கூட்டு இட்லியத் தின்னிருந்தா இப்பிடிச் சொல்லியிருப்பாருங்களா?”

விழுந்துவிடும். இலையில் விழுந்த பிறகு வைத்துவிட்டு எழுந்தால் அவர் முகம் வாடிவிடும். அந்த முகத்துக்காக ஒரு வாய். அந்த ஒரு வாய்க்காகத் தென்னை மரம்.

அத்தை வீடு மட்டும் என்றில்லை. கல்யாணம், காதுகுத்து, சும்மா பார்க்கப் போன வீடு, எங்கே போனாலும் இதே கதை. ஆவணியில் கால் விரல்கள் மரத்துப்போயின. கடையில் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினேன், நேராக நடக்க வரவில்லை. புதுக் கிரைண்டர் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி ஆஸ்பத்திரி, ஊசி, டிரிப்ஸ்.

“இப்படி வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தா சத்து எதுவும் உடம்புல சேராது. நரம்பு போயிடும். அப்புறம் நடக்கறதே கஷ்டம்” என்றார் டாக்டர். “அளவாத்தானே சாப்பிடச் சொன்னோம்?”

“போதுங்கன்னு சொன்னேங்க டாக்டர்.”

அவர் வேறு ஊர்க்காரர். போதும் என்று சொன்ன பிறகும் ஒரு மனிதன் எப்படிச் சாப்பிட்டான் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவே இல்லை.

சுமதி வராந்தாவில் போய் நின்று அழுதாள். “தின்னே செத்துப்போயிருவீங்கன்னு பயந்துதான் ஆபரேசனுக்குக் கூட்டியாந்தேன். இப்பத் திங்க முடியாமப் போயிருவீங்களா?” என்றாள்.

கடைக்குள் சுவரில் வேலும் மயிலுமாக முருகன் படம் ஒன்று இருக்கிறது. அதுவரை அவனிடம் வியாபாரத்தைத் தவிர வேறு எதுவும் நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து தினமும் ஊதுபத்தி கொளுத்திவிட்டு இதைக் கேட்டேன்: “முருகா, உடம்பைப் பாத்துக்கோன்னு பெருசாக் கேக்கலை. போதும்னு நான் சொன்னா எதிர்ல நிக்கறவங்க நம்போணும். அது போதும்.” ஒரு சொல்லைத்தான் கேட்டேன். ஆவணி போனது. புரட்டாசியும் ஐப்பசியும் போயின. அவன் வாயே திறக்கவில்லை.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அத்தையும் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரட்டின், பாறைக் குன்றின், மேல் சின்ன முருகன் கோயில் உண்டு. “எம்மாப்ள முந்தியாட்டம் நல்லாச் சாப்புடோணும் சாமி, உனக்குப் பஞ்சாமிர்த அபிசேகம் பண்றேன்” என்பது அவர் வேண்டுதல். ஒரே சாமியிடம், ஒரே வயிற்றைப் பற்றி, இரண்டு மனு. நான் முருகனாக இருந்தால் மயிலைக் கிளப்பிக்கொண்டு வேறு மலைக்குப் போயிருப்பேன்.

கார்த்திகை மாதத்துக் கிருத்திகை அன்று அபிசேகம். வேண்டுதல் நிறைவேறுவதற்கு முன்பே செலுத்திவிட்டால் சாமிக்கு ஒரு கட்டாயம் வந்துவிடும் என்பது அத்தையின் கணக்கு. பம்பையும் உடுக்கையும் முழங்க, வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், கற்கண்டு எல்லாம் முருகன் மேல் வழிந்தது. பூசாரி ஒரு தொன்னை நிறையப் பஞ்சாமிர்தம் எடுத்து என்னிடம் நீட்டினார்.

“போதுங்க” என்றேன். இன்னொரு கரண்டி வைத்தார்.

இனிப்பைத் தொடவே கூடாது என்று ஆஸ்பத்திரி மேடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். நானும் தொடவில்லை. ஜிலேபி இல்லை, கேக் இல்லை, காபிக்குக்கூடச் சர்க்கரை இல்லை. ஆனால் பிரசாதத்தை யாராவது இனிப்புக் கணக்கில் சேர்ப்பார்களா? முருகன் மேனியில் பட்டுவிட்டது. அது என்னை என்ன செய்துவிடும்? கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழித்து வழித்துச் சாப்பிட்டேன். வழுவழுவென்று இறங்கியது. ஒரு விக்கல் இல்லை. நல்லாச் சாப்பிடுகிறேன் என்று அத்தைக்கு வாயெல்லாம் பல்.

கோயிலைச் சுற்றி வந்து பம்பைக்காரர் பக்கத்தில் நின்றேன். திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்தது. உடுக்கையா, என் நெஞ்சா என்று தெரியவில்லை. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. கை நடுங்கியது, தோள் நடுங்கியது, தாடை நடுங்கியது. கண் செருகியது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சுமதியைத் தேடிக் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கையைப் பார்த்து ஒருவர் கத்தினார்: “சாமி வந்துருச்சுங்க!”

அவ்வளவுதான். பம்பை வேகமெடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். என் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. நெற்றி நிறையத் திருநீறு. கழுத்தில் மாலை. சாகப்போகிறவனுக்கு மாலை போடுகிறார்களே என்று எனக்குக் கிலி பிடித்துவிட்டது.

“வந்துருக்கறது ஆருங் சாமி?” பூசாரி கும்பிட்டுக்கொண்டு கேட்டார்.

பல் தந்தியடித்தது. “ப்… ப்…” என்றேன்.

“பழனியாண்டவனுங்களா!”

“அய்யோ, சாமி இல்லீங்க, ஆபரேசனுங்க!” என்று சுமதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கத்தினாள். பம்பைச் சத்தத்தில் யார் காதில் விழும்? பக்கத்தில் இருந்தவர் “அபிசேகம் இன்னும் வேணுமாம்” என்று பின்னால் சொல்லி அனுப்பினார்.

அதற்குள் அத்தை வந்துவிட்டார். கண்ணில் தாரை தாரையாக நீர். கையில் ஒரு சொம்பு பானகம், வெல்லம் கரைத்தது. “களைச்சுப் போயிருக்கீங் சாமி, குடிச்சுப்போடுங்க” என்று வாயில் வைத்தார். அந்த வெல்ல வாசனை மூக்கில் ஏறியது. அந்தச் சொம்பும் உள்ளே போனால் நான் முடிந்தேன் என்று எனக்குத் தெரிந்தது.

முருகா என்று நினைத்தேன். நினைத்தது மட்டும்தான் நான். பிறகு என் வாயிலிருந்து வந்தது என் குரலே இல்லை.

“போதும்!”

‘ங்க’ இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய என் வாழ்க்கையில், பெரியவர்கள் முன்னால், மாமியார் முன்னால், ‘ங்க’ போடாமல் நான் சொன்ன முதல் சொல். கரட்டுப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. பம்பை நின்றது. குலவை நின்றது. அத்தையின் கையிலிருந்த சொம்பு அப்படியே அந்தரத்தில் நின்றது.

“சாமி போதும்ங்குது” என்று பூசாரி மெதுவாகச் சொன்னார். “சொம்பை எறக்குங் அம்மணி.”

இறக்கினார்! என் அத்தை, கரண்டியைப் பின்னுக்கு இழுத்து அறியாதவர், இறக்கினார். நடுக்கத்தின் நடுவிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த அமைதியில்தான் சுமதி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மண்டபத்தில் என்னைப் படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரி மேடத்துக்குப் போன் போட்டாள். சர்க்கரை மொத்தமும் சின்ன வயிற்றில் தங்காமல் ஒரேயடியாகக் குடலில் போய் விழுந்ததால் இப்படி ஆகிறது என்றும், படுத்தே இருக்கட்டும், இனிப்பு எதுவும் கொடுக்கவே கூடாது என்றும், கண்ணைத் திறந்து பேசுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றும் அவர் சொன்னார். “என்ன சாப்பிட்டார்?” என்று கேட்டார். சுமதி சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

நடுக்கம் மெல்ல அடங்கியது. எழுந்து உட்கார்ந்து சுற்றியிருந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னேன். “சாமி இல்லீங்க. சர்க்கரைங்க.”

அத்தை முந்தானையால் என் நெற்றித் திருநீற்று வியர்வையைத் துடைத்தார். “ஏனுங் மாப்ள, சர்க்கரையில சாமி வரக்கூடாதுங்களா?”

மேடம் சொன்னது உண்மை. நடுக்கம் சர்க்கரையால் வந்ததுதான். ஆனால் அந்த நடுக்கத்தில் வாய்க்கு எத்தனையோ சொல் வந்திருக்கலாம். ‘அய்யோ’ வந்திருக்கலாம். ‘சுமதி’ வந்திருக்கலாம். மாதக்கணக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு சொல், ‘ங்க’ உதிர்ந்து, எல்லோரும் நம்புகிற மாதிரி எப்படி வந்தது? நான் கேட்டேன். அவன் கொடுத்தான். கொடுக்கும்போது கொஞ்சம் விளையாடினான். குன்றில் நிற்கிற குழந்தைதானே.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாந்தி எடுக்கவில்லை. கால் மரத்துப்போனது மருந்திலும் ஊசியிலும் மெல்லச் சரியாகி வருகிறது. நேராக நடக்கிறேன். பருப்பும் முட்டையும் முதலில், அளவாக, மென்று. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்திருப்பதில்லை. சின்ன வருத்தம் என்னவென்றால், இப்போது நானும் நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கிறது.

தைப் பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போனோம். இலையில் அரை இட்லி வைத்தார் அத்தை. மென்றேன். அவர் மீதி இட்லி இருந்த தூக்குப்போசியோடு பக்கத்திலேயே நின்றார். எனக்கு உள்ளூரப் பயம்தான். அப்போது அவர் குனிந்து, கோயிலில் கேட்கிற மாதிரி, கேட்டார்:

“போதும்ங்களா மாப்ள?”

அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்டறியாத கேள்வி.

“போதும் அத்தை.”

மூடியைப் போட்டு மூடினார். பிறகு பக்கத்தில் ஒரு இலையைப் போட்டு அவரும் உட்கார்ந்தார். “நீங்க அரை இட்லிய முடிக்கறதுக்குள்ள நான் சாப்பாட்டையே முடிச்சுப்போடலாமாட்ட இருக்குதுங்க” என்றார். விருந்தாளி எழுந்த பிறகே சாப்பிடுகிற பெண்மணி, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார். “அரை இட்லின்னாலும் உங்க வகுத்துல தங்குது பாருங்க. இதுதானுங்க நல்லாச் சாப்புடறது” என்றார். அவர் மனுவும் பாஸாகிவிட்டது.

உங்களுக்கும் வாயில் வராத ஒரு சொல் இருக்கும். ‘வேண்டாம்’ என்பதாக இருக்கலாம், ‘முடியாது’ என்பதாக இருக்கலாம், ‘மன்னிச்சிருங்க’ என்பதாகக்கூட இருக்கலாம். அதை அவனிடம் கேளுங்கள். சின்னதாகவே கேளுங்கள், விடாமல் கேளுங்கள். டாக்டர் சொல்வதையும் கேளுங்கள். அவர் வாயிலும் அவன்தான் பேசுகிறான். பிரசாதம் கொடுத்தால், என்னைப் போன்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். முருகன் கோபிக்க மாட்டான்.

காங்கேயம் பக்கம் வந்தால் அத்தை வீட்டுக்கு ஒரு நடை வாருங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அத்தை திருந்தியது எனக்கு மட்டும்தான். உங்கள் ‘போதுங்க’வை அவர் நம்பவே மாட்டார்.