தேர் வீதியில் துருப்பிடித்த அம்பாசிடர்

இன்று காலை இங்கே ஒரு போட்டோ போட்டேன். நானே செய்த, உள்ளங்கை அளவு அம்பாசிடர். வாசலில் ஸ்டூல் மேல் வைத்து, பின்னால் சித்திரை வீதி தெரிய எடுத்தது.

யாரோ அதைத் தெரு வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு இடிபட்டது. தெருச் சங்கச் செயலாளர் மாமா. பின்னால் நாலு பேர்.

"நாளைக்குத் தேர்! வீதி நடுவுல வண்டிய நிறுத்திட்டு, இப்ப எந்தச் சந்துல ஒளிச்சு வெச்சிருக்கேள்? போலீஸ்ல சொல்லியாச்சு. கிரேன் வந்துண்டிருக்கு."

"மாமா, அது வந்து..."

"பேசாதேள்! கதவெல்லாம் துரு. தள்ளினாகூட நகராது!"

உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அந்தத் துரு முழுக்க நான் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்த பெயிண்ட்.

உள்ளே போய் வண்டியைக் கையில் ஏந்தி வந்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். போனில், "கிரேன் வேண்டாம்" என்றார்.

பிறகு என்னிடம், "நாளைக்கு இதையும் வெளிய வெக்காதேள்."

குழுவில் இப்போது அவருடைய செய்தி: "தேர் வீதியில் நின்ற வண்டி அகற்றப்பட்டது." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பல்கள்.

வண்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.