வரிசையில் நின்ற பெண்கள்

சாமந்திப்பூத் தட்டைக் கையில் வாங்கிய வெளிநாட்டு மேடம், அப்படியே நின்றுவிட்டார். ஓசூரில் எங்கள் சங்க அலுவலகத்தில் ஆயுத பூஜை. தொழிற்சாலைப் பெண்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்றுகொண்டு, அவர் பூப்போட்டதும் கைதட்டக் காத்திருந்தோம். எதிரே சுவரில், சந்தனப் பொட்டும் மாலையுமாக, அவருடைய நாட்டை ஒரு காலத்தில் ஆண்ட தலைவரின் படம். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிற மனுஷியைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்த ஏற்பாடே.

படத்தைக் கொண்டுவந்து மாட்டியவர் தோழர். தோழர் என்றால் எங்கள் சங்கத் தலைவர். வேலைநிறுத்தம் ஒன்றில் வேலையைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு சங்கம்தான் அவருக்கு வீடு, வாசல் எல்லாம். தொழிற்சாலை வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் கடவுள் இல்லை என்று முழங்குவார். ஆயுத பூஜையன்று மட்டும் பொரி கடலைக்கு இரண்டு கையையும் ஏந்துவார். கேட்டால், பூசை சாமிக்கு இல்லை, மிஷினுக்குத்தான் என்பார். மிஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு சுவரில் இருக்கும் தலைவர்களுக்கும் வைத்து மாலை போடுவது எங்கள் வழக்கம். அதைத் தடுக்க அவருக்கு மனசு வந்ததே இல்லை.

எண்பதுகளில், இளவட்டமாக இருந்தபோது, தொழிலாளர் குழு ஒன்றில் அவர் ருமேனியாவுக்குப் போய்வந்தார். அந்தப் படம் அங்கே கொடுத்தது. சில வருடங்களில் அந்த ஆட்சி கவிழ்ந்து, தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். தோழர் அதை முதலாளிகளின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, படத்தைத் துடைத்து மறுபடி மாட்டினார். அந்தப் பயணத்தில் அவர் பார்த்த ஒரு காட்சியைக் கேட்காத தொழிலாளி இந்தப் பக்கத்தில் கிடையாது. ஒரு பெரிய நூற்பாலை. அதற்குள்ளேயே டாக்டர் அறை. வெளியே பெண்கள் வரிசை. "மாசா மாசம் டாக்டரே ஃபேக்டரிக்கு வந்து ஒவ்வொரு பொம்பளையையும் பாக்குறாரு. அப்பிடி ஒரு அரசாங்கம்" என்பார்.

நாங்கள் கேலி செய்தாலும் அந்தக் கதைக்கு வலு இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே, வருடக்கணக்காக மல்லுக்கட்டி, எங்கள் தொழிற்சாலைக்குள் பெண்களுக்கு ஒரு டாக்டர் அறை வாங்கிக் கொடுத்தார். நான் இரண்டாவது முறை கர்ப்பமாக இருந்தபோது ரத்த அழுத்தம் எகிறியதை அங்கேதான் கண்டுபிடித்து, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நானும் என் மகளும் இன்று உயிரோடு இருப்பது அந்த அறையால்தான்.

மேடம், புதிய கிரைண்டிங் மிஷினை நிறுவ வந்த பொறியாளர். ஐம்பதைத் தொடும் வயது. கல்லாவி கிராமத்தில் பிறந்து டிப்ளமோ படித்த எனக்கு ஓரளவு ஆங்கிலம் வரும் என்பதால் அவரோடு என்னைப் போட்டிருந்தார்கள். அவர் ருமேனியாக்காரர் என்று தெரிந்ததும் தோழர் குழந்தையாகிவிட்டார். ஆயுத பூஜைக்கு அவரைக் கட்டாயம் கூட்டி வரவேண்டும், முதல் பூ அவர்தான் போடவேண்டும் என்று எனக்கு உத்தரவு. நான் கூட்டி வந்ததும், தோழர் மேடத்தை நாற்காலியில் உட்காரவைத்து அந்த நூற்பாலைக் கதையை முழுக்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேடம் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து அவருக்கு மோர் கொடுத்தோம். பிறகுதான் எழுப்பிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, தட்டைக் கையில் கொடுத்தோம்.

மேடம் தட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார். பிறகு என்னிடம் பேசினார். சத்தமே போடவில்லை. தோழர் என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்றாங்க? ஒண்ணையும் வுடாம சொல்லு" என்றார். சொன்னேன். அந்த டாக்டர் வந்தது பெண்களின் உடம்பைப் பேணுவதற்கு அல்ல. ஆட்சிக்கு நிறையப் பிள்ளைகள் வேண்டியிருந்தது, கருக்கலைப்பு குற்றம். யார் கர்ப்பமாக இருக்கிறாள் என்று கண்டுபிடித்து, அவள் கலைத்துவிடாமல் கண்காணிக்கத்தான் அந்த வரிசை. மேடத்தின் அம்மா ஒரு நூற்பாலைத் தொழிலாளி. மூன்று பிள்ளைகளுக்கே ரொட்டி இல்லாத வீட்டில் நாலாவது தங்கியதும், அடுத்த பரிசோதனைக்கு முன்னால் யாரையோ பிடித்து ரகசியமாகக் கலைத்திருக்கிறார். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் போலீஸ்காரன் நின்றானாம். கலைக்க உதவியது யார் என்று பெயர் சொன்னால்தான் டாக்டர் கை வைப்பார். அந்த அம்மா கடைசிவரை பெயர் சொல்லவில்லை. மேடம் அப்போது மூன்றாம் வகுப்பு.

தோழர், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்கச் சொன்னார். அதே ஊர், அதே ஆலை. அவர் போய்வந்ததற்கு அடுத்த வருஷம். தோழர் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். அப்போது மேடம் அவர் பக்கம் குனிந்து ஒன்றே ஒன்று கேட்டார். அந்த வரிசையில் இருந்த பெண்களில் யாராவது உங்களிடம் பேசினார்களா? தோழர் தலையை ஆட்டி இல்லை என்றார். மேடம் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மிஷின் வேலை முடிந்து ஊருக்கும் போய்விட்டார்.

தோழர் அதற்குப் பிறகு கேட் மீட்டிங்கில் பேசவே இல்லை. சாப்பாடு குறைந்து, நடை தளர்ந்து, படுக்கையோடு ஒட்டிக்கொண்டார். படத்தைக் கழற்றிவிட்டார், தூக்கி எறியவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்துப் போட்டிருந்தார். நாற்பது வருஷமாக ஜனங்களிடம் பொய்யை விற்றிருக்கிறேன் என்பார். உங்களால் வந்த அறைதானே என்னைக் காப்பாற்றியது என்று நான் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னார். "அன்னைக்கு அவங்ககிட்ட இல்லன்னு சொன்னேன். பேசுனா கண்ணு, ஒருத்தி பேசுனா. என் கையைப் புடிச்சிக்கினு, என்னென்னமோ சொன்னா. அவங்க பாஷைய மாத்திச் சொல்லக் கூட வந்தவன் நன்றி சொல்றாங்கன்னு ஒரே பேச்சுல முடிச்சிட்டான். அவ்ளோ நேரம் பேசுனதுக்கு நன்றி மட்டும்தானான்னு நான் கேக்கல. உன்ன மாதிரி யாராவது இருந்திருந்தா..." என்று நிறுத்தி, இதை அவங்களுக்கு எழுதிவிடு என்றார். அன்றைக்கே மேடத்துக்குக் கைபேசியில் அனுப்பினேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. அந்தப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்று எழுதியிருந்தார். ஓடிப்போய்த் தோழரிடம் படித்துக் காட்டினேன்.

"நான் அந்த டாக்டர் ரூமையே பாத்துக்கினு இருந்துட்டேன் கண்ணு. மூஞ்சியப் பாக்கலியே" என்றார்.

இன்னும் அந்தக் கேள்விக்கு நான் பதில் அனுப்பவில்லை. அனுப்ப அவர் விடவில்லை. போன ஞாயிறு போனபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் வந்த சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்கள இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லு கண்ணு. ஞாபகம் வந்துரும்."